லிமிடெட் எடிஷன் சூப்பர்கார்: ஒதுக்கீட்டுக்குக் காத்திருப்பதா, பிரீமியம் கொடுப்பதா, விலை இறங்கும்வரை பொறுப்பதா?

குறைந்த எண்ணிக்கையில் வெளிவரும் சூப்பர்கார் ஒன்றை வாங்கப் பணம் தயார். ஆனாலும் முடிவெடுக்க முடியவில்லை. டீலரிடம் போனால், "பட்டியலில் உங்கள் பெயர் வரவேண்டுமென்றால் முதலில் இந்த இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அதே கார் வெளிச்சந்தையில் பட்டியல் விலைக்கு, அதாவது நிறுவனம் நிர்ணயித்த விலைக்கு, வெகு மேலே நிற்கிறது; அந்தக் கூடுதல் தொகைதான் பிரீமியம். அனுபவமுள்ள நண்பரோ, "மூன்று வருடம் பொறு, தானாக இறங்கும்" என்கிறார். வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த மூன்றில் எது சரி என்பதைத்தான்.

மூன்றுமே சில கார்களுக்குச் சரியாக இருந்திருக்கின்றன, சில கார்களில் பெரும் நஷ்டத்தில் முடிந்திருக்கின்றன. பலர் கணக்கில் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: பட்டியல் விலையையும் வெளிச்சந்தை விலையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கிறார்கள். ஒதுக்கீடு, அதாவது டீலரின் பட்டியலில் ஒரு இடம், இலவசமாகக் கிடைப்பதில்லை. அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அந்தக் காரின் பில்லில் வராது, வேறு பில்களில் வரும்.

## எதை வைத்து எடை போடுவது

மொத்தச் செலவு. வாங்கிய விலை, வரி, இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், முடங்கிய பணத்தின் வட்டி எல்லாவற்றையும் கூட்டி, விற்கும்போது கையில் வருவதைக் கழியுங்கள். ஒதுக்கீட்டுக்காக வாங்கிய மற்ற கார்களில் போன பணமும் இதில் சேரவேண்டும்.

விற்கும் சுதந்திரம். நாளைக்கே பணம் தேவைப்பட்டால் விற்க முடியுமா? யாரிடம், என்ன விலைக்கு?

ஓட்டும் சுதந்திரம். ஒவ்வொரு கிலோமீட்டரும் மறுவிற்பனை விலையை எவ்வளவு குறைக்கும்? சில கார்களில் இந்த இழப்பு பெட்ரோல் செலவைப் பலமடங்கு மிஞ்சிவிடும்.

நிச்சயம். என்ன கார், என்ன விலை, எப்போது கைக்கு வரும் என்பதில் எவ்வளவு எழுத்தில் இருக்கிறது, எவ்வளவு வாய்வார்த்தையில் இருக்கிறது?

## எண்ணிக்கை மட்டும் விலையைத் தாங்காது

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு நம்பிக்கையைக் கலைத்துவிட வேண்டும். "500 கார்தான் வருகிறது, எப்படி விலை இறங்கும்?" என்று கேட்பவர்கள் லெக்ஸஸ் எல்எஃப்ஏ-வைப் பார்க்கலாம். 2010 முதல் 2012 வரை செய்யப்பட்டது சரியாக 500. அமெரிக்காவில் பட்டியல் விலை 3,75,000 டாலர். உற்பத்தி முடிந்து பல வருடங்கள் ஆன பிறகும் விற்காத புதுக் கார்கள் சில ஷோரூம்களில் நின்றுகொண்டிருந்தன. இன்றைக்கு அதே கார் அந்தப் பட்டியல் விலைக்கு வெகு மேலே விற்கிறது. எண்ணிக்கை அன்றும் 500, இன்றும் 500. மாறியது தேவை.

மெக்லாரன் சென்னாவும் 500 தான். எல்லாம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டும், சில சந்தைகளில் பட்டியல் விலைக்குக் கீழே கைமாறியது. மெக்லாரன் எல்வாவை முதலில் 399 என்று அறிவித்தார்கள், பிறகு 249 ஆக்கினார்கள், கடைசியில் 149-ல் நிறுத்தினார்கள். எண்ணிக்கை இப்படிக் குறைக்கப்படும்போது அபூர்வம் கூடிவிட்டது என்று மகிழ வேண்டாம். ஆர்டர் போதவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடைக்காது.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. ஃபெராரி எஃப்40-ஐ 400 அளவில் செய்வதாகத் தொடங்கி, முடிக்கும்போது 1,300-ஐத் தாண்டிவிட்டார்கள்.

விலையைத் தாங்கிப் பிடிப்பவை இரண்டு. ஒன்று, பட்டியல் விலையில் வாங்கத் தயாராக இருப்பவர்களின் எண்ணிக்கை உற்பத்தியைவிடத் தெளிவாக அதிகமாக இருக்கவேண்டும். இரண்டு, அதே அனுபவத்தைத் தரும் இன்னொரு காரை அதே நிறுவனம் பின்னால் கொண்டுவராமல் இருக்கவேண்டும். இரண்டாவதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை.

## முதல் வழி: டீலர் ஒதுக்கீட்டில், பட்டியல் விலையில்

எப்படி நடக்கிறது. தொழிற்சாலை மொத்த எண்ணிக்கையை நாடு வாரியாகவோ பிராந்திய வாரியாகவோ பிரிக்கும். அங்கிருந்து டீலர்களுக்குப் போகும். வழக்கமாக, அதிகம் விற்கும் டீலருக்கு அதிக ஒதுக்கீடு. நிறுவனத்தின் உச்சியில் இருக்கும் மாடல்களில் டீலர் பெயரைப் பரிந்துரைக்க மட்டுமே முடியும், முடிவு தலைமையகத்தில். அதற்கு ஒரு படி கீழே உள்ள மாடல்களில் டீலரே தேர்ந்தெடுப்பார். எந்த வகையில் நீங்கள் விரும்பும் கார் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தலைமையகம் முடிவெடுக்கும் காருக்கு டீலர் தரும் வாக்குறுதிக்கு மதிப்பு குறைவு.

தகுதி என்று பார்ப்பது பெரும்பாலும் வாங்கிய வரலாறு: இதுவரை எத்தனை புதுக் கார், எவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள், விற்றபோது அதே டீலரிடம் கொடுத்தீர்களா. 2016-ல் 991 மட்டும் செய்யப்பட்ட போர்ஷே 911 ஆர், முதலில் அதே நிறுவனத்தின் உச்ச மாடலான 918 ஸ்பைடர் வைத்திருப்பவர்களுக்குத்தான் முன்வைக்கப்பட்டது. ஃபோர்டு ஜிடி-க்கு நிறுவனம் விண்ணப்பமே வாங்கியது. முதல் சுற்றில் 500 கார்களுக்கு 6,506 விண்ணப்பங்கள் வந்தன.

மறைந்த விலை. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். லிமிடெட் காரின் பட்டியல் விலையை 100 என்று வையுங்கள். அதற்குத் தகுதிபெற தலா 60 மதிப்புள்ள இரண்டு வழக்கமான மாடல்களை எடுக்கச் சொல்கிறார் டீலர். இரண்டு வருடத்தில் ஒவ்வொன்றும் 25 சதவீதம் தேய்ந்தால் தலா 15, மொத்தம் 30. ஆகவே உங்களுக்கு அந்த லிமிடெட் கார் விழும் உண்மையான விலை 130, வட்டி தனி. வெளிச்சந்தையில் அதே கார் 125-க்குக் கிடைத்தால், இரண்டு வருடம் காத்திருந்து, டீலரின் தயவில் நின்று, 5 கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்தக் கணக்கில் ஒரு நியாயமான திருத்தம் உண்டு. அந்த இரண்டு கார்களையும் எப்படியும் வாங்கி ஓட்டியிருப்பீர்கள் என்றால் 30-ஐ ஒதுக்கீட்டின் தலையில் கட்டக்கூடாது. தேவையில்லாத காரை வரிசைக்காக மட்டும் வாங்குபவருக்குத்தான் இந்த வழி இவ்வளவு கசக்கும்.

விற்பனைத் தடை. லிமிடெட் கார்களில் இதற்கான வடிவங்கள் மூன்று.

வெறும் தடை: ஃபோர்டு ஜிடி ஒப்பந்தத்தில் 24 மாதம் விற்கக்கூடாது என்று இருந்தது. அதை மீறி விற்றதாக மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா மீது ஃபோர்டு 2017-ல் வழக்குப் போட்டது. 2018-ல் சமரசமாக முடிந்தது. காகிதத்தில் மட்டும் இருக்கும் வாசகம் என்று இதை எடுத்துக்கொள்ளக்கூடாது.

முன்கொள்முதல் உரிமை: குறிப்பிட்ட காலத்துக்குள் விற்க நினைத்தால் முதலில் டீலரிடமோ நிறுவனத்திடமோ கேட்கவேண்டும். இதில் உயிர்நாடி, அவர்கள் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பது. பட்டியல் விலையா, வெளியே வந்த ஆஃபரா, தேய்மானம் கழித்த தொகையா? பட்டியல் விலை என்று இருந்தால், நீங்கள் கட்டிய வரியும் பதிவுச் செலவும் உங்கள் கையைவிட்டுப் போகும். கார் எவ்வளவு பிரீமியத்தில் நின்றாலும் அந்தக் காலம் முடியும்வரை அது உங்கள் பணமில்லை.

லீஸ்: மூன்றில் மிக இறுக்கமானது. கார் சட்டப்படி உங்கள் பெயரிலேயே இருக்காது, எனவே விற்க வழியே இல்லை. ஃபெராரி எஃப்50-ஐ அமெரிக்காவில் இரண்டு வருட லீஸில் கொடுத்தார்கள். எல்எஃப்ஏ-வும் அங்கே அப்படித்தான் தொடங்கியது. 2023-ல் 1,963 எண்ணிக்கையில் அறிவிக்கப்பட்ட போர்ஷே 911 எஸ்/டி-க்கு அமெரிக்க வாடிக்கையாளர்கள் முதல் ஒரு வருடம் லீஸில் இருக்கவேண்டும் என்று விதி வந்தது. லீஸ் முடிவில் வாங்கும் தொகை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லீஸ் தவணைக்கு ஒரு வரி, பெயர் மாற்றும்போது இன்னொரு வரி என இரண்டு முறை விழும் இடங்களும் உண்டு.

எங்கே கெட்டுப்போகிறது. கார் வருவதற்கு முன்பே சந்தை திரும்பிவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஜாகுவார் எக்ஸ்ஜே220 இதற்கு இன்னும் மறக்கமுடியாத உதாரணம். 1988-ல் வி12 எஞ்சின், நான்கு சக்கர இயக்கம் என்று காட்டினார்கள். 50,000 பவுண்டு முன்பணம் கட்ட ஆட்கள் வரிசையில் நின்றார்கள். 1992-ல் வந்த காரில் இருந்தது இரட்டை டர்போ வி6, பின்சக்கர இயக்கம். விலை பணவீக்கத்தோடு கட்டப்பட்டிருந்ததால் 4 லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. இடையில் பொருளாதாரம் படுத்துவிட்டது. வாங்கமாட்டோம் என்று சிலர் நீதிமன்றம் போனார்கள், தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம் வந்தது. 350 வரை செய்யத் திட்டமிட்டு, 300-ஐக்கூடத் தொடாமல் உற்பத்தி முடிந்தது. முன்பணம் என்பது இருபுறமும் கட்டும் கயிறு. பின்வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்பது ரசீதில் இருக்காது, ஒப்பந்தத்தில் இருக்கும்.

தாமதமும் செலவுதான். மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஒன் 2017-ல் அறிமுகம், கைக்கு வரத் தொடங்கியது 2023-ல். அத்தனை வருடங்களுக்கு முன்பணத்தின் வட்டியைக் கணக்கில் சேர்த்தவர்கள் குறைவு.

ஆப்ஷன்களிலும் கவனம் வேண்டும். தனிப்பட்ட ரசனைக்கான தையல் நிறம், உள்ளே பதிக்கும் பெயர், தேவையற்ற கார்பன் அலங்காரம் ஆகியவற்றில் போட்ட பணம் மறுவிற்பனையில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். முன்பக்கத்தைத் தூக்கும் லிஃப்ட், கார்பன் பக்கெட் இருக்கை, எடை குறைக்கும் தொழிற்சாலை பேக்கேஜ் போன்றவை ஓரளவு திரும்பும். லிஃப்ட் இல்லாத தாழ்வான காரை அடுத்தவர் தொடவே தயங்குவார்.

## இரண்டாம் வழி: வெளிச்சந்தையில், பிரீமியம் கொடுத்து

காத்திருப்பு இல்லை, தகுதிக் கார் இல்லை, தடை ஒப்பந்தமும் உங்கள் பெயரில் இல்லை. கண்முன் நிற்கும் காரை வாங்குகிறீர்கள். நிச்சயம் என்ற அளவுகோலில் இதுதான் முதலிடம். ஆனால் கொடுத்த பிரீமியம் முழுவதும் உங்கள் ஆபத்து.

911 ஆர்-க்கு நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 4.0 லிட்டர் டர்போ இல்லாத எஞ்சின், 500 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், பெரிய பின்சிறகு இல்லை. அப்போதிருந்த 911 ஜிடி3 மாடலில் மேனுவலே கிடையாது. ஆகவே மேனுவல் வேண்டியவர்கள் எல்லாரும் அந்த 991 கார்களின் பின்னால் ஓடினார்கள். அமெரிக்காவில் சுமார் 1,85,000 டாலர் பட்டியல் விலை கொண்ட காருக்குச் சந்தையில் அதன் பலமடங்கு கேட்டார்கள். 2017-ல் போர்ஷே ஜிடி3 டூரிங் பேக்கேஜைக் கொண்டுவந்தது: 4.0 லிட்டர், 500 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், சிறகு இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. 911 ஆர் விலை சரிந்தது. அது இன்றும் பட்டியல் விலைக்கு மேலேதான் நிற்கிறது. பட்டியல் விலையில் வாங்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, உச்சத்தில் பிரீமியம் கொடுத்தவர்தான் அடிவாங்கினார்.

எனவே பிரீமியம் கொடுக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி: இந்தக் காரில் எந்த ஒன்றுக்காக மக்கள் அடித்துக்கொள்கிறார்கள், அதை வழக்கமான மாடலில் சேர்க்க நிறுவனத்துக்கு என்ன தடை? தடை எதுவும் இல்லை என்றால் அந்தப் பிரீமியத்துக்கு ஆயுள் குறைவு. எஞ்சின் உற்பத்தியே நின்றுவிட்டது, புகை விதிகள் இனி அனுமதிக்காது என்றால் பிரீமியம் நிற்க வாய்ப்பு அதிகம்.

கவனிக்கவேண்டிய இன்னும் இரண்டு இடங்கள். விற்பவர் தடைக்காலத்துக்குள் விற்கிறாரா என்று பாருங்கள். ஒப்பந்தம் அவரைத்தான் கட்டும், ஆனாலும் வழக்கு வந்தால் காரின் உரிமைப் பத்திரம் கைக்கு வர இழுபடும். வாரண்டியும் பாதிக்கப்படலாம். 2022-ல் ஜிஎம் நிறுவனம், கார்வெட் இசட்06 போன்ற அதிகம் தேடப்படும் மாடல்களை ஒரு வருடத்துக்குள் விற்றால் வாரண்டியின் சில பகுதிகள் அடுத்தவருக்கு மாறாது என்று அறிவித்தது. முதல் ஓனரின் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடலாம்.

இன்சூரன்ஸை ஒப்புக்கொண்ட மதிப்பில் (காரின் மதிப்பு இவ்வளவு என்று முன்கூட்டியே பாலிசியில் எழுதும் முறையில்) எடுங்கள். சாதாரண பாலிசி என்றால், முழுச் சேதத்தின்போது, காருக்குப் பட்டியல் விலைக்கு மேல் நீங்கள் கொடுத்த தொகையை இன்சூரன்ஸ் நிறுவனம் ஏற்காமல் போகலாம். ஒப்புக்கொண்ட மதிப்புக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் தேவைப்படும், சந்தை ஏறினால் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

## மூன்றாம் வழி: பொறுத்திருந்து, பழையதாக

விலை எப்போது இறங்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். தடைக்காலம் 18 முதல் 24 மாதம் என்றால், லாபத்துக்காக வாங்கியவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். விற்பனைக்கு நிற்கும் கார்களின் எண்ணிக்கை அந்த மாதங்களில் திடீரென்று கூடும். வாங்குவதற்கு அது முதல் ஜன்னல். தொழிற்சாலை வாரண்டி முடியும் தருவாயில் இரண்டாவது ஜன்னல் திறக்கும்.

போர்ஷே கரேரா ஜிடி இந்த வழிக்குப் பெரிய சான்று. 1,270 கார்கள், அமெரிக்காவில் சுமார் 4,40,000 டாலர் விலை. உற்பத்தி முடிந்த சில வருடங்களில் பட்டியல் விலைக்கு வெகு கீழே கிடைத்தது. பின்னர் 10 லட்சம் டாலரைத் தாண்டிப் போய்விட்டது. டர்போ இல்லாத வி10, மேனுவல் கியர், பின்னால் வந்த போர்ஷே எதுவும் அதைத் திரும்பச் செய்யவில்லை. ஆனால் எல்லாக் காரும் இறங்கும் என்று காத்திருக்கவும் முடியாது. தேவை மிக அதிகமுள்ள சில மாடல்கள் முதல் நாளிலிருந்தே இறங்குவதில்லை. அவற்றுக்குப் பொறுத்திருந்தவர்கள் விலை ஏறுவதை மட்டுமே பார்த்தார்கள்.

இந்த வழியில் நஷ்டமும் லாபமும் தீர்மானமாவது பரிசோதனையில். அந்த பிராண்டின் சர்வீஸ் மையத்தில், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மையத்தில், குறைந்தபட்சம் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்:

- போர்ஷே என்றால் எஞ்சின் கணினியில் பதிவாகும் அதிவேகச் சுழற்சி அறிக்கை. புதிய தலைமுறை மாடல்களில் ஆறு நிலைகளில் வரும். மேல் நிலைகளில் பதிவு இருந்தால், எத்தனை எஞ்சின் மணிநேரத்தில் நடந்தது என்று கேளுங்கள். தவறான கியருக்கு இறக்கியதன் தடயம் அங்கேதான் கிடைக்கும்.
- கிளட்ச் தேய்மான அளவு, கார்பன் செராமிக் பிரேக் தட்டுகளின் நிலை. இரண்டும் மாற்றினால் பெருஞ்செலவு.
- டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், கடைசி இரண்டு இலக்கம் வருடம். ஓடாமல் நின்ற காரில் ட்ரெட் புதிதாக இருக்கும், ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும்.
- கார்பன் டப்பின் (இருக்கைகளைச் சுற்றியுள்ள மையக் கூட்டின்) அடிப்பகுதியும் தூக்கி நிறுத்தும் புள்ளிகளும். பெயின்ட் தடிமன் பார்க்கும் சாதாரண மீட்டர் கார்பன் பேனலில் வேலை செய்யாது. அதைக் காட்டி "எல்லாம் சரி" என்று சொன்னால் நம்பவேண்டாம்.
- ஹைபிரிட் என்றால் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கை, வாரண்டியை நீட்டிக்க இன்னும் தகுதி இருக்கிறதா என்பதும்.
- இரண்டு சாவி, சார்ஜர், கவர், டூல்கிட், புத்தகங்கள். கழற்றிய ஒரிஜினல் எக்ஸாஸ்ட் எங்கே என்றும் கேளுங்கள்.

மிகக் குறைந்த கிலோமீட்டர் ஓடிய காரை எல்லாரும் தேடுகிறார்கள். ஓட்ட விரும்புபவர் அதற்குக் கூடுதல் பணம் கொடுக்கக்கூடாது. நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அந்தக் கூடுதல் பணம்தான் முதலில் கரையும். முறையாக ஓடி, வருடா வருடம் சர்வீஸ் பார்த்த கார் விலையிலும் குறைவு, தொல்லையிலும் குறைவு.

## நான்காம் வழி: லிமிடெட்டே வேண்டாம்

வழக்கமான உற்பத்தி சூப்பர்காரை இரண்டு மூன்று வருடம் பழையதாக வாங்குவது. முதல் ஓனர் பெரிய தேய்மானத்தைச் சுமந்துவிட்டார். தடையில்லை, வரிசையில்லை, ஓட்டத் தயக்கமும் இல்லை. ஃபெராரியில் முதல் ஏழு வருடப் பராமரிப்புத் திட்டம் காரோடு அடுத்தவருக்கும் வரும் என்பது நல்ல சேமிப்பு. முன்னே சொன்ன "தகுதிக் கார்கள்" அவ்வளவு தேய்வதால்தான் இந்த வழி இவ்வளவு மலிவு. லாபம் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் கிலோமீட்டருக்கு ஆகும் செலவில் பெரும்பாலும் இதுவே மிகக் குறைவு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | டீலர் ஒதுக்கீடு | பிரீமியம் | பொறுத்திருந்து பழையது | வழக்கமான மாடல், பழையது |
|---|---|---|---|---|
| வெளியே தெரியும் விலை | குறைவு | மிக அதிகம் | மாடலைப் பொறுத்து | குறைவு |
| மறைந்த செலவு | தகுதிக் கார்களின் தேய்மானம், வட்டி, ஆப்ஷன் | பிரீமியம் சரிவு, இன்சூரன்ஸ் | டயர், கிளட்ச், பிரேக், பேட்டரி | வாரண்டி நீட்டிப்பு |
| விற்கும் சுதந்திரம் | 1 முதல் 2 வருடம் கட்டு | உண்டு | உண்டு | உண்டு |
| ஓட்டும் சுதந்திரம் | நடுத்தரம் | மிகக் குறைவு | நன்று | மிக நன்று |
| நிச்சயம் | குறைவு | அதிகம் | பரிசோதனையைப் பொறுத்து | அதிகம் |
| பெரிய ஆபத்து | சந்தை திரும்புவது, தாமதம் | அடுத்து வரும் மாடல் | இறங்காமலே ஏறுவது | தொடரும் தேய்மானம் |

## யாருக்கு எது

ஒரே பிராண்டில் எப்படியும் புதுக் கார்கள் எடுத்து ஓட்டுபவர், மூன்று வருடமாவது வைத்திருக்கப்போகிறவர்: ஒதுக்கீடு. மற்றவர்கள் இந்த வரிசையில் நிற்பதைப் பரிந்துரைக்கமாட்டோம்.

இனி வரவே முடியாத எஞ்சினோ கியர்பாக்ஸோ கொண்ட ஒரு குறிப்பிட்ட கார்தான் வேண்டும், பத்து வருடம் விற்கும் எண்ணமில்லை என்பவர்: பிரீமியம் கொடுக்கலாம். பட்டியல் விலைக்கு மேல் எவ்வளவு வரை என்பதை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் நிற்கும்போது அந்த எண் நினைவில் இருக்காது. கடன் வாங்கிப் பிரீமியம் கொடுப்பதை எந்தச் சூழலிலும் ஆதரிக்க முடியாது. விலை சரிந்தால் காரை விற்றும் கடன் தீராது.

டிராக்கிலும் மலைப்பாதையிலும் ஓட்டவேண்டும் என்பவருக்கு மூன்றாவது அல்லது நான்காவது வழி. இரண்டுக்கும் இடையே முடிவு செய்ய முடியாவிட்டால், இரண்டு காரின் அடுத்த பெரிய சர்வீஸுக்கும் எழுத்தில் விலை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே முடிவைச் சொல்லிவிடும்.

ஒதுக்கீட்டு வழியில் போகத் தீர்மானித்தால், முன்பணம் கட்டும் முன் டீலரிடம் இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்: இந்த மாடலில் உங்களுக்கு உறுதியான ஒதுக்கீடு எத்தனை, அதில் என் இடம் எது? முன்பணம் எந்தத் தேதி வரை முழுதாகத் திரும்பும்? டெலிவரிக்கு முன் விலை மாறினால் நான் விலகலாமா? விற்பனைத் தடை ஒப்பந்தத் தேதியிலிருந்தா, டெலிவரி தேதியிலிருந்தா? மரணம், விவாகரத்து, கம்பெனிப் பெயரிலிருந்து சொந்தப் பெயருக்கு மாற்றுவது போன்றவை விற்பனையாகக் கருதப்படுமா? நான்காவதற்கு மட்டும் பதில் வந்து முதலாவதற்கு வராவிட்டால், அந்த டீலரிடம் உறுதியான ஒதுக்கீடு இல்லை என்றே எடுத்துக்கொண்டு முன்பணத்தைக் கட்டாமல் விடுங்கள்.